ஸ்கிரீனில் தெரிந்த பாஸ்வேர்ட்

பொங்கல் லீவுக்குப் பேத்தி வந்திருந்தாள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். காணும் பொங்கலன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள்.

"தாத்தா, நீங்க அந்தக் காலத்துல சி-ல புரோகிராம் எழுதுனீங்கன்னு அப்பா சொன்னாரு. பாஸ்வேர்ட் டைப் பண்றப்ப ஸ்கிரீன்ல தெரியாம இருக்க என்ன பண்ணணும்?"

எனக்குக் கொஞ்ச நேரம் வாய் வரவில்லை. மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். "பரவால்ல தாத்தா, நெட்ல பாத்துக்கிறேன்" என்று எழுந்தாள். "இரு பாப்பா, உக்காரு" என்றேன். மறக்கிற கேள்வியா அது? 1991-ல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்காமல் விட்டேன்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று நண்பர்கள் தாண்டிப் போய்விட வேண்டாம். முடிந்தவரை வீட்டு பாஷையிலேயே சொல்கிறேன்.

வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். அங்கே நான் கணக்குப் பிரிவில் கிளார்க். 1990-ல் யூனிக்ஸ் மெஷின் ஒன்று வாங்கினார்கள். ஏசி ரூமில் ஒரு பெட்டி. அதிலிருந்து வயர் இழுத்து நாலு டெர்மினல். கறுப்பு ஸ்கிரீனில் பச்சை எழுத்து. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதுரைக்கு ஒரு மாதம் டிரெயினிங் அனுப்பினார்கள். ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸை வைத்து சி கற்றுக்கொண்டேன். திரும்பி வந்ததும் சம்பளப் பட்டுவாடா புரோகிராமை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். மில்லில் "கம்ப்யூட்டர் தம்பி" என்று பெயர் வந்துவிட்டது.

அதில் ஓ.டி. நேரம் ஏற்றும் பகுதி டைம் ஆபீசுக்கு. டைம் ஆபீசில் ஒரு அண்ணன் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று ஷிப்ட் ஆட்களையும் முகம் பார்த்தே டோக்கன் நம்பர் சொல்லக்கூடியவர். கம்ப்யூட்டர் வந்ததும் பலர் முகம் சுளித்தபோது, "சொல்லிக் குடுங்க தம்பி, கத்துக்கிறேன்" என்று வந்து உட்கார்ந்த ஆள் அவர் ஒருவர்தான். ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஒவ்வொரு எழுத்தையும் தேடி, கண்டுபிடித்து, தட்டி, ஸ்கிரீனைப் பார்த்து சரிபார்த்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போவார்.

அவரவருக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்தேன். அதைக் கலைத்துப் போட்டுத்தான் பைலில் எழுதி வைப்பேன். பைலைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் புரியாது. அந்தக் கலைக்கிற வேலைக்கு இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இன்றைக்குப் பார்த்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு. அன்றைக்கு எனக்கு அதில் பெரிய பெருமை.

ஆனால் பாஸ்வேர்டை வாங்குகிற இடத்தில் எல்லா விவரத்தையும் வாங்குவது போலவே 'ஸ்கேன்எஃப்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். டோக்கன் நம்பரைத் தட்டினால் ஸ்கிரீனில் தெரிவது போல பாஸ்வேர்டும் தெரியும். பச்சை எழுத்தில், பளிச்சென்று.

டைம் ஆபீஸ் டெர்மினல் எங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கவுண்டருக்குப் பின்னால், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி அண்ணன் உட்காருவார். ஸ்கிரீன் கவுண்டரைப் பார்த்து இருக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே முப்பது நாற்பது பேர் நிற்பார்கள்.

நான் பூட்டு ஊர்க்காரன். நாகல் நகரில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு பூட்டுப் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், ஊர் முழுக்க அரத்தின் சத்தம் கேட்ட காலம். மாங்காய்ப் பூட்டுக்குள் வரிசையாக லீவர் இருக்கும். ஒவ்வொன்றும் இவ்வளவு உயரம்தான் எழும்ப வேண்டும் என்று கணக்கு. ஒன்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. அந்தக் கணக்கு அத்தனையும் சாவியின் பல்லில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஆகவே பட்டறைக்காரர் முடிந்த பூட்டை மேஜைமேல் போட்டு வைப்பார், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சாவியை மட்டும் உள்ளங்கைக்குள் பொத்தித்தான் கொடுப்பார். "கைவேலை தெரிஞ்சவன் ஒருதரம் பாத்தா போதும், வீட்டுக்குப் போய் ராவிருவான்" என்பார். இதைக் கேட்டு வளர்ந்த நான்தான் அந்த ஸ்கேன்எஃப் வரியைப் போட்டேன்.

1991 ஆடி மாதம் என்று ஞாபகம். சம்பளக் கணக்கில் பதினோரு பேருக்கு வேலை செய்யாத ஓ.டி. ஏறியிருந்தது. நாலு நாள் கணக்கு. மொத்தம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ரிங் பிரேம் மேஸ்திரி ஒருவர் தற்செயலாகப் பார்த்துச் சொன்னதால் வெளியே வந்தது. யார் ஏற்றியது என்று பார்க்க என் புரோகிராம்தான் ஆதாரம். நான் பெருமையாகப் போட்டிருந்த இன்னொரு வசதி அது. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் யார் பாஸ்வேர்டில் வந்தது என்று காட்டும். பதினொன்றும் அண்ணன் பெயரில்.

விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"பாஸ்வேர்ட் இல்லாம யாராவது உள்ள போக முடியுமா?"

"முடியாது சார்."

"பைலைத் திறந்து பாஸ்வேர்டைப் பார்க்க முடியுமா?"

"முடியாது சார். கலைச்சுத்தான் வச்சிருக்கேன்."

"அப்ப இது அவர் போட்டதுதான்?"

"அவர் பாஸ்வேர்டுலதான் ஏறியிருக்கு சார்."

ஒன்றும் பொய்யில்லை. அண்ணன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். அவரை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். அப்புறம் இன்கிரிமெண்டை வெட்டி, பருத்தி குடோனுக்கு மாற்றினார்கள். வேலையைவிட்டு எடுக்காததே பெரிய மனசு என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு வேலையாக டைம் ஆபீஸ் பக்கம் போனேன். கண்ணாடிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். அண்ணன் இடத்தில் புதிதாக வந்தவர் பாஸ்வேர்ட் தட்டினார். நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் அங்கே இருந்தது. அவர் பையன் பெயர், பக்கத்தில் இரண்டு எண். ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டேன். என் பக்கத்தில் நின்றவர்களும் படித்திருப்பார்கள், அல்லது படித்திருக்கலாம். ஒற்றை விரலால், எழுத்துக்கு எழுத்து நிறுத்தி நிறுத்தித் தட்டிய அண்ணனுடையதை எத்தனை பேர் படித்தார்களோ.

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. முதலில் எனக்குத் தோன்றிய வைத்தியம், பாஸ்வேர்டை வாங்கியதும் ஸ்கிரீனை அழித்துவிடுவது. காலையில் அது பிரயோஜனமில்லை என்று புரிந்தது. அழிப்பதற்குள் படித்தவன் படித்துவிட்டான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் விளக்க வேண்டும். கீபோர்டில் தட்டினால் ஸ்கிரீனில் எழுத்து தெரிகிறதே, இரண்டுக்கும் நடுவில் நேர் கம்பி எதுவும் கிடையாது. தட்டிய எழுத்து மெஷினுக்குள் போகிறது. அங்கே டெர்மினலைக் கவனிப்பதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. செக்போஸ்ட் மாதிரி. அது எழுத்தை வாங்கிக்கொண்டு, அதே எழுத்தை ஸ்கிரீனுக்குத் திருப்பி அனுப்புகிறது. இதற்கு எக்கோ என்று பெயர், எதிரொலி. நாம் எண்டர் தட்டும்வரை முழு வரியையும் தன் கையிலேயே வைத்திருக்கும். எண்டர் தட்டிய பிறகுதான் நம் புரோகிராமிடம் ஒப்படைக்கும். ஆக, என் புரோகிராமின் கைக்குப் பாஸ்வேர்ட் வரும்போது அது ஊருக்கெல்லாம் தெரிந்து முடிந்திருக்கும். கேட்பதற்கு முன்னாலேயே செக்போஸ்டிடம் போய், "கொஞ்ச நேரம் எதிரொலியை நிறுத்து" என்று சொல்ல வேண்டும்.

அதற்கு யூனிக்ஸில் ரெடிமேடாகவே ஒரு பங்ஷன் இருந்தது. 'கெட்பாஸ்' என்று பெயர். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே உண்டு. பாஸ்வேர்ட் கேள் என்றால், எதிரொலியை நிறுத்திக் கேட்டு, வாங்கிக்கொண்டு, திரும்ப எதிரொலியை விட்டுவிட்டு வந்துவிடும். எங்கள் ஏசி ரூம் அலமாரியிலேயே மேனுவல் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போனேன். ஸ்கேன்எஃப் வரியை எடுத்தேன். கெட்பாஸ் வரியைப் போட்டேன். ஒரே ஒரு வரி. திங்கட்கிழமை எல்லோருக்கும் புதுப் பாஸ்வேர்ட் கொடுத்து, "இனிமே டைப் பண்றது தெரியாது, பயந்துராதீங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் மாற்றினேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விசாரணை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆபீசரிடம் போய், "நான் சொன்னது பாதிதான் சார், பாஸ்வேர்ட் ஸ்கிரீனிலேயே தெரிந்தது, யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் தம்பி என்ற பெயர் போய்விடுமே என்று பயம்.  இது ஒரு காரணமா என்றால், அன்றைக்கு எனக்குக் காரணமாகத்தான் பட்டது. யார் அந்த ஓ.டி.யை ஏற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை.

ரிட்டயர்டு ஆன பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1961-ல் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் தலைமையில், பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் முறை ஒன்றைக் காட்டினார்கள். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் என்கிற வழக்கம் வேரூன்றியது அங்கேதான். அப்போது ஸ்கிரீன் கிடையாது, தட்டுவது காகிதத்தில் அச்சாகும். அந்த முறையிலேயே, பாஸ்வேர்ட் கேட்கும்போது முடிந்த இடத்தில் அச்சடிப்பதை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்த முடியாத மெஷின்களுக்கு இன்னொரு தந்திரம் பின்னால் வந்தது. ஒரே இடத்தில் பல எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக் கறுப்பாக்கிவிட்டு, அதன்மேல் பாஸ்வேர்டைத் தட்டச் சொல்வது. காகிதம் குப்பைக்குப் போனாலும் படிக்க முடியாது. இவ்வளவு கவனமாக இருந்த எம்.ஐ.டி.யிலேயே 1962-ல் ஆலன் ஷெர் என்ற மாணவர், பாஸ்வேர்ட் பைலை அப்படியே பிரிண்ட் எடுத்துவிட்டார். கூடுதல் மெஷின் நேரம் வேண்டியிருந்ததாம் அவருக்கு. ஆக அவர்கள் வாசலைப் பூட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் பெட்டியைப் பூட்டிவிட்டு வாசலைத் திறந்து வைத்திருந்தேன்.

2016-ல் ஒரு கல்யாணத்தில் அண்ணனைப் பார்த்தேன். பேகம்பூர் பக்கம் ஒரு மண்டபம். எழுபது தாண்டியிருக்கும் அவருக்கு. பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. அவர்தான் முதலில் பேசினார். சாம்பார் ஊற்றிப் போகும்வரை பொறுத்திருந்து, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்ததைச் சொன்னேன். கண்ணாடி, கூட்டம், ஸ்கிரீன், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி. விசாரணையிலயே நான் சொன்னேன். நான் தட்டுறது வெளிய நிக்கிறவுகளுக்கெல்லாம் தெரியுதுன்னு. நீங்க வர்றதுக்கு முன்னாடி. கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு வந்து சொல்லட்டும்னாங்க. நீங்க வந்து முடியாதுன்னீங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மறுவாரம் நீங்க மாத்துனதும் தெரியும். குடோன்ல இருந்தாலும் ஆபீஸ் சங்கதி காதுல விழத்தானே செய்யும். தம்பி வந்து சொல்லுவாருன்னு கொஞ்ச நாள் பாத்தேன்." இலையில் அப்பளத்தை நொறுக்கினார். "அப்புறம் விட்டுட்டேன். புள்ளைக என்ன பண்ணுதுக உங்களுக்கு?"

மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான், பேத்தி ஆறாவது படிக்கிறாள் என்று சொன்னேன். பாயசம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. நான் அப்போது கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தேன், போக முடியவில்லை.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவள் காலேஜில் கொடுத்த நோட்ஸில் 'கெட்ச்' என்று ஒரு பங்ஷன் இருந்தது. அது டாஸ் காலத்து டர்போ சி-க்கு உரியது. எழுத்து எழுத்தாக, எதிரொலி இல்லாமல் வாங்கிக்கொண்டு, நாம் ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டுக்கொள்ளலாம். அவள் லேப்டாப்பில் லினக்ஸ். அங்கே அந்த ஹெடர் பைலே கிடையாது. அதனால்தான் கம்பைல் ஆகவில்லை. என் பழைய கெட்பாஸைச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதை 2001-லயே தரத்துல இருந்து எடுத்துட்டாங்களாம்" என்றாள். இருக்கலாம், நானே எடுபட்டுப் பல வருஷம் ஆகிறது.

அதனால் உள்ளே நடப்பதை நேராகவே எழுத உட்கார்ந்தோம். டெர்மினல் இப்போது எந்த அமைப்பில் இருக்கிறது என்று கேட்டு வாங்கி, ஒரு காப்பியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. இன்னொரு காப்பியில் எக்கோ என்ற ஒரே ஒரு சுவிட்சை அணைத்து டெர்மினலுக்குக் கொடுப்பது. கொடுக்கும்போதே, அதற்கு முன் அவசரப்பட்டுத் தட்டிய எழுத்துகளைக் கொட்டிவிடச் சொல்வது. பாஸ்வேர்டை வாங்குவது, பழைய காப்பியைத் திருப்பிக் கொடுப்பது. எண்டரும் தெரியாதாகையால் நாமே ஒரு புது வரி போட வேண்டும். ஆறேழு வரிதான். நட்சத்திரம் வேண்டாமா என்றாள். வேண்டாம் என்றேன். நட்சத்திரத்தை எண்ணினால் எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் மெமரியில் இருக்கும் பாஸ்வேர்டை அழிக்கச் சொன்னேன். அதில் ஒரு வேடிக்கை. இந்த இடத்தை இதற்குமேல் யாரும் படிக்கப் போவதில்லை, எதற்கு அழிப்பது என்று கம்பைலர் தானாக முடிவுசெய்து, நாம் எழுதிய அழிக்கிற வரியைத் தூக்கிவிடக்கூடும். சி23 என்கிற புதிய தரத்தில் கம்பைலர் தட்டிக்கழிக்க முடியாத அழிக்கிற பங்ஷன் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இதை அவள்தான் எனக்குக் காட்டினாள்.

முதல் ஓட்டத்திலேயே பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும்போது கன்ட்ரோல் சி அடித்து நிறுத்திவிட்டு, "தாத்தா, லேப்டாப் போச்சு!" என்று கத்தினாள். என்ன தட்டினாலும் ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. எதிரொலியை நிறுத்திய புரோகிராம் அதைத் திருப்பிவிடுமுன் செத்துப்போனால் டெர்மினல் ஊமையாகவே நின்றுவிடும். சில ஷெல் தானே சரிசெய்துகொள்ளும், அவளுடையது செய்யவில்லை. 'எஸ்டிடிஒய் எக்கோ' என்று தட்டி எண்டர் அடி என்றேன். "தட்டுறதே தெரியலையே." தெரியாட்டி என்ன, போகிற இடத்துக்குப் போகும், தட்டு. தட்டினாள், உயிர் வந்தது. அப்புறம் கன்ட்ரோல் சி வந்தாலும் பழைய அமைப்பைத் திருப்பிவிட்டுச் சாகும்படி இன்னும் நாலு வரி சேர்த்தோம்.

அதற்குள் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். காபி வந்தது. மறுபடி ஓட்டினாள். பாஸ்வேர்ட் என்று கேட்டுவிட்டு அமைதியாக நின்றது. விரலைக் கீபோர்டில் வைத்தவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, தட்டு. அதான் தெரியாதே."

"விரல் தெரியும்ல. அந்தப் பக்கம் திரும்புங்க தாத்தா."

டம்ளரோடு தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.